கழுத்தில் தண்டுவடக் கால்வாய் குறுகும்போது கைகளில் வரும் மாற்றங்களை அறிவதும், அடுத்துச் செய்ய வேண்டியதும்

பொத்தான் போட முன்பைவிட நேரம் பிடிக்கிறது. கையெழுத்து வரவரச் சிதைகிறது. சட்டைப்பையில் கைவிட்டால் விரலில் படுவது சாவியா நாணயமா என்று பார்க்காமல் சொல்ல முடியவில்லை. கையில் வைத்திருந்த பொருள் தானாக நழுவி விழுகிறது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே வரும்போது வயது, அசதி, சர்க்கரை நோய், மணிக்கட்டு நரம்புக் கோளாறு என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு நாள்களைக் கடத்திவிடுகிறோம். ஆனால் கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நெருக்கப்படும்போது கைகளில் தோன்றும் முதல் அடையாளங்கள் பெரும்பாலும் இவையே. இந்த நோயின் அறிகுறி தொடங்கியதிலிருந்து அது இன்னதென்று உறுதியாவதற்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நெருக்கப்பட்ட தண்டுவடம் அந்த இடைவெளியில் இழப்பதை முழுமையாக மீட்க முடியும் என்ற உறுதி இல்லை என்பதால், கையின் மாற்றத்தை நோயாளியோ வீட்டாரோ முதலிலேயே கவனித்து, அதை மருத்துவரிடம் தெளிவாக எடுத்துச் சொல்லும் முறையை இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நோயில் வலி நம்பத்தக்க அளவுகோல் அல்ல. கழுத்து வலி சிறிதும் இல்லாமலே தண்டுவடம் கடுமையாக நெருக்கப்பட்டிருக்கலாம். வலி இல்லாத காரணத்தாலேயே பலர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கை எவ்வளவு வலிக்கிறது என்பதை அன்று, கை எவ்வளவு வேகமாகவும் துல்லியமாகவும் வேலை செய்கிறது என்பதை.

கழுத்தில் நடப்பது கைக்கு எப்படி வந்து சேர்கிறது

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே செல்லும் கால்வாயின் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து இருபுறமும் எட்டு இணை நரம்பு வேர்கள் பிரிகின்றன. கழுத்தின் கீழ்ப்பகுதியில் இந்தக் கால்வாயின் முன்பின் அகலம் பெரியவர்களுக்குச் சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 13 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் குறுகியது என்றும், 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையாகக் குறுகியது என்றும் வழக்கமாகக் கொள்கிறார்கள். தண்டுவடமே ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது என்பதை நினைத்துப் பார்த்தால், கடைசி நிலையில் அதற்கு மிஞ்சியிருக்கும் இடம் எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும்.

குறுக்கத்துக்குக் காரணங்கள் பல. எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் வற்றிப் பின்பக்கம் பிதுங்குவது, எலும்பின் விளிம்பில் முள்போன்ற வளர்ச்சி உண்டாவது, கால்வாயின் பின்சுவரில் உள்ள மஞ்சள் தசைநார் தடித்து உள்நோக்கி மடிவது ஆகியவை வயதோடு வருபவை. கால்வாயின் முன்சுவரில் ஓடும் நீள்தசைநார் எலும்பாக மாறிவிடும் ஒரு நோயும் உண்டு. அது கிழக்காசிய மக்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது, ஜப்பானிய மருத்துவர்கள் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே கால்வாய் ஒடுங்கியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவயதில் வரும் சிறிய தேய்மானமே பெரிய தொல்லையாகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கால்வாயின் அளவு நிலையானதும் அன்று: தலையைப் பின்னே சாய்த்து அண்ணாந்து பார்க்கும்போது அது மேலும் சுருங்குகிறது, குனியும்போது தண்டுவடம் முன்பக்க எலும்பு முட்களின் மேல் இழுபடுகிறது. ஆகவே படுத்த நிலையில் எடுத்த ஸ்கேனில் சுமாராகத் தெரியும் நெருக்கம், அன்றாட அசைவுகளின்போது அதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

இந்தக் குறுக்கம் கையை இரண்டு வழிகளில் பாதிக்கிறது; இரண்டையும் பிரித்தறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் வழியில், பக்கவாட்டில் வெளியேறும் ஒரு நரம்பு வேர் மட்டும் அழுத்தப்படுகிறது. அப்போது பொதுவாக ஒரே கையில், கழுத்திலிருந்து குறிப்பிட்ட விரல் வரை மின்னல் போன்ற வலி இறங்கும். ஆறாம் வேர் என்றால் கட்டைவிரல் பக்கம் மரத்து, மணிக்கட்டை மேலே தூக்கும் வலு குறையும். ஏழாம் வேர் என்றால் நடுவிரல் மரத்து, முழங்கையை நீட்டும் வலு குறையும். எட்டாம் வேர் என்றால் சுண்டுவிரல் மரத்து, விரல்களை மடக்கிப் பிடிக்கும் வலு குறையும். இது தொல்லை மிகுந்ததுதான், ஆனாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் அறுவை சிகிச்சை இன்றியே தணிகிறது.

இரண்டாம் வழியில் தண்டுவடமே நெருக்கப்படுகிறது. இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் இதைப் பற்றியதுதான். விரல்களின் நுண்ணிய அசைவுகளுக்கான கட்டளையை மூளையிலிருந்து கொண்டுவரும் நரம்புப் பாதை தண்டுவடத்தின் வழியாகவே இறங்குகிறது. விரல்நுனி எதைத் தொடுகிறது, விரல் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியை மேலே எடுத்துச் செல்லும் பாதை தண்டுவடத்தின் பின்பகுதியில் ஏறுகிறது. கைத்தசைகளை நேரடியாக இயக்கும் நரம்பணுக்களும் கழுத்துத் தண்டுவடத்துக்குள்ளேதான் இருக்கின்றன. நெருக்கம் ஏற்படும்போது இந்த மூன்றும் வெவ்வேறு அளவில் பழுதுபடுவதாலும், நுண்ணிய இரத்தக் குழாய்களின் ஓட்டம் குறைவதாலும், கை ஒரே நேரத்தில் மெதுவாகவும் மரத்தும் வலுவிழந்தும் போகிறது. வலிக்கு அங்கே பெரிய பங்கு இல்லை.

கையில் எவற்றைக் கவனிக்க வேண்டும்

ஒருவர் சட்டைப் பொத்தான் போடுவதை அருகிலிருந்து கவனியுங்கள். நலமாக உள்ளவர் பேசிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகப் பொத்தானைத் திருப்பித் துளைக்குள் தள்ளிவிடுவார். தண்டுவடம் நெருக்கப்பட்டவர் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பொத்தானைப் பார்ப்பார். பொத்தானின் விளிம்பு விரலுக்குள் இருக்கிறதா, துணி மட்டும்தான் இருக்கிறதா என்பதை அவரது விரல் சொல்லாததால் கண்ணால் உறுதிசெய்துகொள்கிறார். நுனிவிரலால் பிடிக்காமல் விரலின் பக்கவாட்டால் இறுக்கிப் பிடிப்பார், தள்ளும் நொடியில் அது வழுக்கிவிடும், மீண்டும் தேடுவார். கழுத்துப் பொத்தானில் கண்ணுக்கும் வேலை இல்லாமல் போவதால் அங்கேதான் முதலில் சிக்கல் வரும், பலர் அந்த ஒரு பொத்தானைப் போடாமல் விடத் தொடங்கியிருப்பார்கள். இப்படிச் சத்தமில்லாமல் கைவிடப்பட்ட வேலைகளைத்தான் தேட வேண்டும். நோயாளியிடம் “கையில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?” என்று கேட்டால் இல்லை என்பார், “போன வருடம் கையால் செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?” என்று கேட்டால் பட்டியலே வரும்.

கையெழுத்து இன்னொரு நல்ல சாட்சி. பழைய நோட்டுப் புத்தகத்திலோ காசோலையிலோ உள்ள கையெழுத்தை இன்றைய கையெழுத்தோடு ஒப்பிட்டால், எழுத்துகள் பெரிதாகவோ கோணலாகவோ அழுத்தம் மாறியோ இருப்பது தெரியும். கைபேசியில் அடுத்த எழுத்தின் மேல் விரல் படுவது, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவது, சங்கிலியின் கொக்கியை மாட்ட முடியாமல் போவது, சில்லறை எண்ணுகையில் இரண்டு நாணயங்கள் சேர்ந்து வருவது ஆகியவையும் இதே வகைதான்.

மரத்துப்போகும் விதத்தையும் கவனியுங்கள். தண்டுவட நெருக்கத்தில் பெரும்பாலும் இரண்டு கைகளிலும், எந்த நரம்பின் எல்லைக்கும் அடங்காமல், கையுறை மாட்டியது போன்ற மதமதப்பு இருக்கும். ஒரு கையில் கூடுதலாக இருக்கலாம். கழுத்தின் மேல்பகுதியில், அதாவது மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையில் நெருக்கம் இருந்தால்கூட அதன் விளைவு விரல்களில்தான் தோன்றும் என்பது மருத்துவர்களையே சில நேரம் குழப்பும் செய்தி. தலையைக் குனியும்போது முதுகின் வழியாகவோ கைகளிலோ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு சிலருக்கு வரும். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் லெர்மிட் பெயரால் வழங்கும் அறிகுறி அதுதான்.

நாள்பட்ட நிலையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை குழிவிழும், புறங்கையில் எலும்புகளுக்கு இடையே பள்ளங்கள் தெரியும். இந்த நிலை வரும்வரை காத்திருப்பது பெரிய இழப்பு, ஏனெனில் மெலிந்த தசை பழையபடி திரும்புவது அரிது.

கைகளோடு கால்களையும் சேர்த்துப் பாருங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவது, இருட்டில் தள்ளாடுவது, கால் விறைப்பாக இருப்பது, திரும்பும்போது தடுமாறுவது ஆகியவை கைத் தொல்லையோடு சேர்ந்து இருந்தால் கோளாறு மணிக்கட்டில் இல்லை, தண்டுவடத்தில் இருக்கிறது என்ற ஐயம் வலுக்கிறது. மணிக்கட்டு நரம்பு எவ்வளவு நசுங்கினாலும் அதனால் நடை கெடாது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

ஜப்பானிய மருத்துவர் ஓனோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987ஆம் ஆண்டு தண்டுவட நெருக்கத்துக்கே உரிய கையின் இரண்டு அடையாளங்களை விவரித்தார்கள். இரண்டுக்கும் எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு கடிகாரம் போதும்.

முதலாவது, மடக்கி விரிக்கும் சோதனை. முன்கையை மேசைமேல் தாங்கலாக வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டைச் சற்றே நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்க்க, 10 நொடிகளுக்கு முடிந்த அளவு வேகமாகக் கையை முழுதாக மூடி, முழுதாக விரியுங்கள். அரைகுறையாக விரித்தால் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால் சோதனையே பயனற்றது. நலமாக உள்ளவர் 10 நொடியில் 20 முறையோ அதற்கு மேலோ செய்வார். முதியவர்களுக்குச் சற்றுக் குறையலாம். எண்ணிக்கையைவிட அசைவின் தோற்றம் அதிகம் பேசும். மூடுவது இயல்பாக இருக்கும், விரிப்பதில்தான் தாமதம் வரும். விரல்கள் தாமாக விரிய மறுப்பதால் மணிக்கட்டைக் கீழே மடக்கி அந்த இழுவையில் விரல்களைத் திறக்கும் தந்திரம் தன்னை அறியாமலே தொடங்கிவிடும். இதைக் கைபேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். மருத்துவர் அறையில் ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாததை அது காட்டிவிடும்.

இரண்டாவது, சுண்டுவிரல் விலகும் சோதனை. கையை முன்னே நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, விரல்களை நேராகவும் நெருக்கமாகவும் சேர்த்து அரை நிமிடம் வைத்திருங்கள். சுண்டுவிரல் மெல்ல விலகி, சற்று மடங்கி, சேர்த்தாலும் மீண்டும் விலகினால் அது குறித்துக்கொள்ள வேண்டிய மாற்றம். முற்றிய நிலையில் மோதிரவிரலும் சேர்ந்து விலகும். முழங்கையில் நரம்பு நசுங்கினாலும் சுண்டுவிரல் விலகக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

இவற்றோடு, ஒரே சட்டையின் ஐந்து பொத்தான்களைப் போட ஆகும் நேரத்தையும், ஒரே வாக்கியத்தை எழுத ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கும் நடையையும், விழுந்துவிடாமல் பிடிக்க அருகில் ஒருவர் இருக்கும்போது, தரையில் பத்தடி தூரம் செய்து பார்க்கலாம். எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை, நாளின் ஒரே வேளையில், இடது வலது தனித்தனியாக, தேதியுடன் ஒரு தாளில் எழுதுங்கள். தினமும் செய்ய வேண்டாம். தினசரி ஏற்ற இறக்கம் மனத்தைக் கலக்குமே தவிர எதையும் தெளிவாக்காது, அதோடு பழக்கத்தால் வேகம் கூடிவிட்டு உண்மை மறைந்தும் போகும். இந்த நோய் பலருக்குச் சீராகச் சரிவதில்லை. நீண்ட காலம் அப்படியே இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு படி இறங்கும். அந்தப் படி எப்போது இறங்கியது என்பதைக் காட்டும் தாள்தான் பின்னர் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் பெரிதும் உதவும்.

இந்தச் சோதனைகள் நோயை உறுதிசெய்பவை அல்ல. எல்லாம் சரியாக வந்தாலும் மேலே சொன்ன மாற்றங்கள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். கழுத்தை எட்டுத் திசையிலும் வளைத்து அறிகுறியை வரவழைத்துப் பார்க்கும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது.

எவற்றோடு குழம்பும்

அதிகம் குழம்புவது மணிக்கட்டுக் குகை நரம்புக் கோளாறோடு. அதில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரக்கும். இரவில் விழிப்பு வரும். கையை உதறினால் தணியும். மோதிரவிரலின் ஒரு பாதி மட்டும் மரத்து மறுபாதி நன்றாக இருந்தால் கோளாறு கையிலுள்ள நரம்பில் இருக்க வாய்ப்பு அதிகம். முழங்கையில் நரம்பு நசுங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் வெளிப்பாதியும் மரக்கும், முழங்கையை நெடுநேரம் மடக்கினால் கூடும். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது; கழுத்துக் குறுக்கமும் மணிக்கட்டுக் கோளாறும் ஒருவருக்கே இருக்கலாம். மணிக்கட்டில் அறுவை செய்தும் கை தேறவில்லை என்றால் கழுத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை மட்டுமன்று, அவசியமும்கூட.

வைட்டமின் பி12 குறைபாடு கைகால் மதமதப்பையும் தள்ளாட்டத்தையும் தரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், எளிதில் சரிசெய்யவும் முடியும். மதமதப்பே இல்லாமல் தசை மட்டும் மெலிந்து துடித்தால் இயக்க நரம்பணு நோய்களை நரம்பியல் மருத்துவர் விலக்கிப் பார்ப்பார்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும், அவர் என்ன பார்ப்பார்

“கை மரக்கிறது” என்று மட்டும் சொன்னால் பேச்சு மணிக்கட்டோடு முடிந்துவிடக்கூடும். “இரண்டு கைகளிலும் மதமதப்பு, பொத்தான் போடும் வேகம் குறைந்துவிட்டது, படியிறங்கத் தயக்கம், இது இந்த மாதத்திலிருந்து” என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாளையும் காணொளியையும் காட்டுங்கள். சிறுநீர் அவசரமோ அடக்க முடியாமையோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். அது தண்டுவடப் பாதிப்பின் அளவைக் காட்டும் செய்தி.

மருத்துவர் சிறு சுத்தியலால் கைகால்களின் அனிச்சை அசைவுகளைப் பார்ப்பார். நடுவிரலின் நுனியைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்ப்பது ஹாஃப்மன் சோதனை. மடங்கினால், மேலிருந்து வரும் கட்டுப்பாடு தளர்ந்திருக்கலாம் என்று பொருள். நலமானவர் சிலருக்கும் இது இருப்பதுண்டு, ஆகவே மற்ற அடையாளங்களோடு சேர்த்தே எடைபோடுவார்கள். பாதத்தின் அடியில் கீறிப் பெருவிரல் மேலே தூக்குகிறதா என்றும் பார்ப்பார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படும், தண்டுவடம் எங்கே, எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது, அதன் உள்ளே நிறமாற்றம் உண்டா என்பது அதில் தெரியும். தசைநார் எலும்பாகியிருக்கிறதா என்பதை அறிய சி.டி. ஸ்கேன் உதவும். கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எடுக்கும் எக்ஸ்ரே, எலும்புகள் நழுவுகின்றனவா என்பதைக் காட்டும். கையிலுள்ள நரம்பின் பங்கைப் பிரித்தறிய நரம்புக் கடத்தல் சோதனை செய்வார்கள்.

ஸ்கேன் அறிக்கையை மட்டும் படித்து அஞ்சிவிடக் கூடாது. வயதானவர்கள் பலருடைய ஸ்கேனில் எந்த அறிகுறியும் இல்லாமலே குறுக்கம் தெரியும். அறிகுறியும், மருத்துவர் கையால் சோதித்துக் கண்டதும், படமும் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் நோய் என்ற முடிவு வருகிறது. நோயின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும், ஜப்பானிய எலும்பியல் சங்கத்தின் திருத்திய மதிப்பெண் முறையில் மொத்தம் 18 புள்ளிகள். அவற்றில் 5 கையின் இயக்கத்துக்கானவை. பொத்தான் போடுவதில் சிறிது சிரமம் என்றால் 4, பெரும் சிரமம் என்றால் 3, போடவே முடியாமல் கரண்டியால் உண்ண மட்டும் முடிந்தால் 2 என்று அது இறங்குகிறது. நீங்கள் வீட்டில் குறித்த பொத்தான் நேரம் மருத்துவத்தின் அளவுகோலோடு நேரடியாகப் பொருந்துவது இதனால்தான். மொத்தம் 15 முதல் 17 வரை லேசான நிலை, 12 முதல் 14 வரை நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. உங்கள் மதிப்பெண் என்ன என்று மருத்துவரிடம் கேட்டு அதையும் தாளில் எழுதிவையுங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. விழுந்த பிறகோ வாகனம் மோதிய பிறகோ, எலும்பு முறிவு இல்லை என்று சொல்லப்பட்டாலும், இரண்டு கைகளும் கால்களைவிட அதிகமாகச் செயலிழந்தால் அது தண்டுவடத்தின் நடுப்பகுதி அடிபட்டதன் அடையாளமாக இருக்கலாம். ஏற்கெனவே கால்வாய் குறுகியவர்களுக்குத் தலை பின்னே வெட்டி இழுக்கப்பட்டால் இது நேரும். கை வலு சில நாள்களில் விரைந்து குறைவது, நடை திடீரென்று மோசமாவது, சிறுநீர் அல்லது மலத்தின் கட்டுப்பாடு போவது ஆகிய எதற்கும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது

2017ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள், நடுத்தர நிலைக்கும் கடுமையான நிலைக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. லேசான நிலையில் அறுவையோ, மருத்துவக் கண்காணிப்பில் முறையான மறுவாழ்வுப் பயிற்சியோ தெரிவுசெய்யலாம். பயிற்சியைத் தெரிவுசெய்தவர்களுக்குக் கை மேலும் தளர்ந்தால் அறுவைக்கு மாற வேண்டும். படத்தில் நெருக்கம் இருந்தும் தண்டுவடப் பாதிப்பின் அடையாளம் எதுவும் இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே அறுவை செய்யச் சொல்வதில்லை. விளக்கிச் சொல்லி, தொடர்ந்து கண்காணிப்பார்கள்.

முன்கழுத்து வழியாக டிஸ்க்கை எடுத்து எலும்புகளை இணைப்பது, பின்புறமாக எலும்பு வளைவை நீக்கித் திருகுகளால் நிலைப்படுத்துவது, வளைவை நீக்காமல் ஒரு பக்கம் திறந்து கால்வாயை அகலப்படுத்துவது என்று முறைகள் உண்டு. நெருக்கம் முன்னாலா பின்னாலா, எத்தனை மட்டங்களில், கழுத்தின் வளைவு எப்படி என்பவற்றைப் பொறுத்து அறுவை மருத்துவர் தேர்வார். எந்த முறை ஆனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: என் கைக்கு எந்த அளவு முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம்? எனக்குள்ள ஆபத்துகள் எவை? முன்வழி அறுவைக்குப் பின் சில காலம் விழுங்கச் சிரமமும், எந்த வழியிலும் சிலருக்குத் தோளைத் தூக்க முடியாத தற்காலிகத் தளர்ச்சியும் வரக்கூடும் என்பதை முன்பே அறிந்திருந்தால் பிறகு திகைப்பு இராது.

அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பது. மீட்சி அதன்மேல் கிடைப்பது. பலருக்குக் கை கணிசமாகத் தேறுகிறது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் தெரியும், அதன் பிறகும் மெல்லத் தொடரலாம். மதமதப்பு கடைசியில்தான் குறையும், சிலருக்கு நிலைத்தும்விடும். அறிகுறி தொடங்கிக் குறுகிய காலத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பலன் கூடுதல் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை.

கையையும் கழுத்தையும் அன்றாடம் காப்பது

கைப் பயிற்சி என்றவுடன் பந்தை அமுக்கத் தொடங்குபவர்கள் பலர். இந்த நோயில் முதலில் தளர்வது அமுக்கும் வலு அன்று, விரிக்கும் வேகமும் நுனிவிரலின் நயமும் என்பதால், அதற்கேற்ற பயிற்சியே தேவை. விரல்களைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் வளையம் மாட்டி விரிப்பது, கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்நுனிகளையும் வரிசையாகத் தொடுவது, நாணயங்களையும் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது, கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் உள்ள பொருள்களைத் தொட்டு இனங்காண்பது ஆகியவற்றை ஒருவேளைக்குப் பத்து நிமிடம் செய்யலாம். கை களைத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இயன்முறை மருத்துவரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ நேரில் பார்த்து மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இந்தப் பயிற்சிகள் கையை இருக்கும் நிலையில் சிறப்பாகப் பயன்படுத்த உதவும். கால்வாயை அகலமாக்காது என்பதால், பயிற்சியை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பேனாவின் பிடியைத் தடிமனாக்குவது, ஜிப்பில் வளையம் கோப்பது, ஒட்டும் பட்டையுள்ள காலணி, இரு கைப்பிடி உள்ள கோப்பை, பொத்தானை இழுக்கும் சிறு கொக்கி, கைபேசியில் குரல்வழித் தட்டச்சு ஆகியவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாமல் போகலாம். வெந்நீரைக் கையால் சோதிக்காமல் வெப்பமானியாலோ இன்னொருவராலோ பார்த்துக்கொள்வதும், அடுப்பிலிருந்து எடுப்பவற்றைத் துணி கொண்டே தொடுவதும், கத்தியைக் கண்ணால் பார்த்தபடி மட்டுமே பயன்படுத்துவதும் கட்டாயம்.

கழுத்தைப் பொறுத்தவரை, உயரத்தை அண்ணாந்து பார்த்துச் செய்யும் நீண்ட வேலை, தலையைப் பின்னே தொங்கவிட்டுக் கூந்தல் அலசுவது, தலைகீழாக நீரில் பாய்வது, மோதல் உள்ள விளையாட்டு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தண்டுவட நெருக்கம் இருப்பதாகத் தெரிந்தவரோ ஐயம் உள்ளவரோ கழுத்தைச் சொடக்கெடுக்கவும், வேகமாகத் திருப்பி முறிக்கவும் யாரையும் அனுமதிக்கக் கூடாது. கழுத்துப் பட்டையை மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன காலம்வரை மட்டும் அணியுங்கள். விழுவதுதான் பெரிய ஆபத்து என்பதால், குளியலறையில் கைப்பிடியும், இரவில் நடக்கும் வழியில் விளக்கும், கால் தடுக்காத தரையும் மருந்துக்குச் சமமானவை.

வேறு எந்த நோய்க்காக மயக்க மருந்து கொடுக்கப்பட இருந்தாலும், தொண்டைக்குள் குழாய் செலுத்தும்போது தலை பின்னே வளைக்கப்படும் என்பதால், கழுத்தில் கால்வாய் குறுகியிருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்வதற்கு முன்பும் இதைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் அறிக்கையின் நகலையும், மாதந்தோறும் குறித்த தாளையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள்.